வாடகை வீட்டுக் கார் ஷெட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தால்: சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் உள்ள வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. ஜூன் மாதத்தில் வேலைக்காக வந்து, அவசரமாக வீடு பார்த்துக் குடியேறியவருக்கு அந்தத் தெருவின் மழைக்கால முகம் தெரிந்திருக்க வழியில்லை. வீடு பார்த்த அன்று கார் ஷெட் பளிச்சென்று காய்ந்து கிடந்திருக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஸ்கூட்டரின் சக்கரம் பாதி தண்ணீரில் நிற்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. தென்சென்னையில் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தேன். தெருவிலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, கேட்டின் அடியில் மணல் மூட்டை அடுக்கினேன். மூன்று மழைக்கும் வைப்பரை வைத்துத் தள்ளித் தள்ளிக் கை வலித்ததுதான் மிச்சம். நான்காவது மழையின்போது ஷெட்டிலேயே அரை மணி நேரம் நின்று பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பிவிசி பைப்பின் எல்போ (பைப் திரும்பும் இடத்தில் இருக்கும் வளைவு) உடைந்து, ஒரு பழைய அலமாரிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அடுக்கிய மூட்டைகள் அந்தத் தண்ணீரை வெளியே போகவிடாமல் உள்ளேயே தேக்கியிருந்தன.

அன்று புரிந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள், யாரோடும் சண்டையும் போடாதீர்கள். வழி தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் நீங்களா, வீட்டு ஓனரா, மாநகராட்சியா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

முதலில் கரண்ட்

தண்ணீரில் காலை வைப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். நம் ஊரில் ஈபி மீட்டர், மெயின் ஸ்விட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில்தான் இருக்கும். தண்ணீர் மீட்டர் பெட்டியின் அருகில் ஏறியிருந்தாலோ, ஈரம் வழிந்து பெட்டியின் மேல் இறங்கிக்கொண்டிருந்தாலோ உள்ளே போகவே கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் ஸ்விட்சை அணைக்கப் போவது மிகவும் ஆபத்து. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அந்த லைனை நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணைக் குடிவந்த அன்றே போனில் பதிந்து வைப்பது நல்லது.

தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை, மீட்டர் உயரத்தில் பத்திரமாக இருக்கிறது என்றாலும், தரையோடு கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தாழ்வான பிளக் பாயிண்ட், மோட்டார் வயர் இவற்றுக்குப் போகும் எம்சிபியை (அந்த லைனுக்கான தனி ஸ்விட்சை) வீட்டுக்குள்ளிருந்தே அணைத்துவிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கசியும் மின்சாரம் ஆளைத் தாக்கும் முன் லைனைத் துண்டிப்பது அதன் வேலை. இல்லையென்றால், ஓனரிடம் கேட்கும் முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கசிவை நிறுத்துவதுகூட அதற்கு அப்புறம்தான்.

அடுக்குமாடி என்றால் இன்னொன்று. கனமழை எச்சரிக்கை வந்ததுமே லிஃப்டை இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி அணைத்துவிட வேண்டும். கீழே நின்றால் லிஃப்ட் குழியில் தேங்கும் தண்ணீரில் மூழ்கும்.

எந்த வழியாக வருகிறது?

இதைக் கண்டுபிடிக்க மழை பெய்யும்போதே போய் நிற்க வேண்டும். மழை விட்ட பிறகு பார்த்தால் குட்டை மட்டும்தான் தெரியும். ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், போன் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி, போட்டோ எடுங்கள். எந்த மூலையிலிருந்து கோடுகள் விரிகின்றனவோ அங்கேதான் வழி.

மழை பிடித்த சில நிமிடங்களிலேயே ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது: தகர ஷீட், மாடி பைப், சுவர் விரிசல். மழை வலுத்து, தெரு நிறைந்த பிறகு வந்தால் கேட் வழி. மழை விட்டு ஒரு நாள் கழித்தும் தரையின் இணைப்புகளிலும் சுவரின் அடியிலும் ஊறிக்கொண்டே இருந்தால் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கிறது. கறுப்பாக, நாற்றத்தோடு வந்தால் சந்தேகமே வேண்டாம், கழிவுநீர் சேம்பர் எதிர்த்துத் தள்ளுகிறது. மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் தினமும் காலையில் சொட்டுகிறதா? மாடி வீட்டுக் குளியலறை.

தரை ஈரம் ஊறி வருகிறதா, காற்றின் ஈரம் படிகிறதா என்று குழப்பமாக இருந்தால், காய்ந்த இடத்தில் ஒரு மீட்டர் சதுர பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் அடியில் ஈரம் என்றால் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் ஈரம் என்றால் காற்றோட்டம் இல்லை, அவ்வளவுதான்.

மாடி பைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதன் அளவு நமக்கு உறைப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். செய்தியில் "10 செ.மீ. மழை" என்றால் அந்த மாடியில் மட்டும் 9,300 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி. இரண்டு பைப்பில் ஒன்று இலைதழையால் அடைத்திருந்தால் மொத்தமும் இன்னொன்றில் இறங்கும். அது எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகள் பல வீடுகளில் கார் ஷெட்டின் தரைக்கு அடியில்தான் இருக்கின்றன. குழிக்குள் போட்ட ஜல்லியும் மணலும் பல ஆண்டுகளாகச் சுத்தம் செய்யாமல் சேறு மூடிப்போனால், மாடித் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் மூடியின் ஓரமாகப் பொங்கி ஷெட்டில் பரவும். தெருத் தண்ணீர் என்று நினைத்து ஏமாறுவது இதில்தான் அதிகம். மூடியைச் சுற்றிக் குமிழி வருகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

வெயில் நாளிலும் சோதிக்கலாம். தோட்டத்து ஹோஸை எடுத்து, சுவரின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, மெல்ல மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்று தெரியாமல் போகும்.

ஓனரிடம் எப்படிச் சொல்வது

"சார், ஷெட்ல தண்ணி வருது" என்று மட்டும் போனில் சொன்னால், "மழைன்னா கொஞ்சம் வரத்தான்மா செய்யும்" என்று பதில் வரும். எனக்கு வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பார்க்கவில்லை. பேசி முடித்த பிறகு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பியது இப்படி இருந்தது:

"வணக்கம் சார். இன்று காலை 6 மணி மழையில் கார் ஷெட்டின் வடக்கு மூலையில் மாடி பைப்பின் எல்போ உடைந்து தண்ணீர் கொட்டுகிறது. வீடியோ அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஷெட் முழுக்க இரண்டு அங்குலம் நின்றது. மீட்டர் பெட்டிக்கு மூன்று அடி தள்ளித்தான் ஒழுகுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. பிளம்பர் வந்து பார்த்தார், பைப் மாற்ற வேண்டும் என்கிறார். இந்த ஞாயிறு அவரை வரச் சொல்லட்டுமா? நீங்களே ஆள் அனுப்புவதானாலும் சரி."

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இடம், நேரம், ஆபத்து, செய்ய வேண்டிய வேலை, தேதி எல்லாம் இருக்கிறது. மூன்று வாரம் போனில் நகராத வேலை மூன்று நாளில் முடிந்தது. வயதான ஓனர்களுக்கு வீடியோ அனுப்பினால் மட்டும் போதாது. ஒரு மழை நாளில் நேரில் அழைத்துக் காட்டுங்கள். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கும் ஓனர் என்றால் எழுத்தில் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது.

யார் செலவு

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எந்த வேலை யாருடையது என்று அதில் ஒரு அட்டவணையே இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, பைப் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. வடிகாலைச் சுத்தம் செய்வது, குழாய் வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச், சாக்கெட் பழுது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. நம் விஷயத்தில் இதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: மாடி பைப்பின் வாயில் இலை அடைத்திருந்தால் எடுப்பது நாம், பைப்பே உடைந்திருந்தால் மாற்றுவது அவர். ஆகவே இலையை எடுக்காமல் விட்டுவிட்டு ஓனரிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் முன் மாடிக்குப் போய்ப் பார்ப்பது நம் வேலை.

அவர் செய்ய வேண்டியதைச் செய்ய மறுத்தால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் இதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். எழுதிக் கேட்டு, கால அவகாசம் கொடுத்து, இரண்டு பேரிடம் செலவுக் கணக்கு வாங்கி அனுப்பி, பில்லை வைத்துக்கொண்டு, அதையும் ஒரே மாதத்தில் மொத்தமாக இல்லாமல் பாகம் பாகமாகக் கழிப்பதுதான் உறவைக் கெடுக்காத முறை. அதற்கும் சரிவரவில்லை என்றால் வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, அங்கே பதிவும் ஆகியிருந்தால் உங்கள் கை வலுவாக இருக்கும். அந்த ஒப்பந்தத்தில் கார் நிறுத்தும் இடம் வாடகையில் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள்.

தெருவிலிருந்து வரும் தண்ணீருக்கு ஓனரைப் பிடித்துப் பயனில்லை. மழைநீர் வடிகால் அடைப்புக்கு மாநகராட்சியின் 1913, கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியத்தின் 1916. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் புகார் செய்தால் இன்னும் சீக்கிரம் வருகிறார்கள் என்பது என் அனுபவம்.

கொத்தனார் வரும்போது

என்ன வேலை நடக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான் பூசி மெழுகிவிட்டுப் போவதைத் தடுக்க முடியும்.

தகர ஷீட் ஒழுகுவது பெரும்பாலும் போல்ட் ஓட்டையில்தான். வெயிலில் ரப்பர் வாஷர் வெடித்துவிடும். வாஷரை மாற்றி, போல்ட்டை முறுக்கினால் பாதி வேலை முடிந்தது. ஷீட்டும் வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் சிமென்ட் பூசினால் நிற்காது, ஷீட் வெயிலுக்கு விரிந்து சுருங்கும்போது விரிசல் விடும். அங்கே தகரத்தை மடித்துச் சுவருக்குள் செருகி, நெகிழும் சீலன்ட் வைக்க வேண்டும்.

சுவரிலோ சிலாபிலோ கசிவு என்றால் தண்ணீர் வரும் பக்கத்தில்தான் அடைக்க வேண்டும். ஷெட்டின் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும், அடுத்த மழையில் பெயிண்ட் கொப்புளித்து உரியும். உப்புப் பூத்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, காயவிட்டு, பிறகுதான் பூச வேண்டும். காயவைக்க நாள் ஆகும். அதனால்தான் இந்த வேலையைச் சித்திரை, வைகாசியில் செய்யச் சொல்கிறேன். ஐப்பசியில் பூசிய எதையும் நான் நம்ப மாட்டேன்.

கேட் வழியாக வருகிறது என்றால் காரணம் அநேகமாகத் தெருவின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதில், ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டன. இதற்குக் கேட்டின் உள்பக்கம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி இரும்புக் கிராதி போட்டு, அதை வடிகாலோடு சேர்ப்பதுதான் நல்ல வழி. தெரு வடிகால் தாழ்வாக இருந்தால் மட்டுமே இது பலிக்கும். இல்லாவிட்டால் கேட்டுக்கு உள்ளே நான்கைந்து அங்குலம் மேடு கட்டலாம். காரின் அடிப்பகுதி தட்டாத சரிவு வேண்டும். சரிவைத் தெருவுக்கு நீட்டிக் கட்டாதீர்கள். வடிகாலின் மேல் நீளும் சரிவுகளை மாநகராட்சி இடித்துவிடும், பக்கத்து வீட்டுத் தண்ணீருக்கும் அது தடை.

கழிவுநீர் சேம்பர் எதிர்த்தால், தண்ணீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழி என்றால் ஜல்லி, மணலை வெளியே எடுத்துக் கழுவித் திரும்பப் போட வேண்டும். ஒரு நாள் வேலை.

கனமழை எச்சரிக்கை வந்த நாள்

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இந்த ஊருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன: சில நாட்களில் எந்த மேடும் எந்த மூட்டையும் போதாது. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது நினைவிருக்கும். அவர்கள் செய்தது சரிதான் என்பேன். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மேடான இடம் எது, அங்கே யாரிடம் கேட்டு வண்டி நிறுத்தலாம் என்று செப்டம்பரிலேயே பார்த்து வையுங்கள்.

மணல் மூட்டை வைப்பதானால், மூட்டையை முக்கால் பாகத்துக்குக் குறைவாகவே நிரப்புங்கள். நிறைய அடைத்தால் உருண்டையாகி இடைவெளி விடும். கேட்டின் வெளிப்பக்கம் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் விளிம்பு மூட்டைக்கு அடியில் போகும்படி, செங்கல் கட்டுவது போல ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கி மிதித்துவிடுங்கள். வைப்பதற்கு முன் உள்ளிருந்து வரும் தண்ணீர் எங்கே வெளியேறும் என்று பாருங்கள். என் தவறு அங்கேதான் நடந்தது.

ஷெட்டில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருந்தால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கல் வையுங்கள். தெருத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிட்டால், தொட்டியை முழுக்க இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடாமல் அந்தத் தண்ணீரைப் பல் தேய்க்கக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

வண்டிக்குள் தண்ணீர் போயிருந்தால்

ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நனைந்த வண்டியைக் காப்பாற்றலாம், ஸ்டார்ட் செய்து பார்த்த வண்டிக்கு எஞ்சின் வேலைதான். தண்ணீர் எதுவரை ஏறியது என்று போட்டோ எடுத்து, முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ செய்து எடுத்துப் போங்கள். சாதாரண முழு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் வரும். ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்று தனிச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். பாலிசி புதுப்பிக்கும்போது பாருங்கள். மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, சர்வீஸ் ஆள் பார்க்கட்டும்.

வடிந்த பிறகு

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிக் கழுவிவிடுங்கள், காய்ந்தால் சுரண்ட வேண்டியிருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சிறு வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம். அட்டைப்பெட்டி, பழைய டயர், பூந்தொட்டிக்குப் பின்னால் கையை விடுமுன் நீளமான கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பும் தேளும் மேட்டைத் தேடி வந்து ஒதுங்கியிருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் எங்கும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு கொசுவுக்கு அந்த அவகாசம் போதும்.

கட்டட பேஸ்மென்ட் முழுக்க நிறைந்திருந்தால் மட்டும் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறி, சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எதிர்ப்பக்கம் தாங்குகிறது. வெளியே வடிய வடிய, கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும்.

அடுத்த வீடு பார்க்கப் போகும்போது கார் ஷெட்டில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சுவரில் ஒரே உயரத்தில் மங்கலாக ஓடும் கோடு, புதிதாக ஒன்றரை அடிக்கு மட்டும் அடித்த பெயிண்ட், கேட்டின் அடியில் துரு, மீட்டர் பெட்டியை மட்டும் பிற்பாடு உயர்த்தி வைத்த தடம் இவற்றைத் தேடுங்கள். பிறகு தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரரிடம் போய், "அண்ணே, போன மழைக்கு இங்க எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள். அவர் காலில் கையை வைத்து உயரம் காட்டுவார். அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.